விளையாட்டு, கலை, ஓய்வு: பல்கலைக்கழக ஆய்வு பற்றி கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரம் முடித்த பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர், நடன ஆசிரியைகள், விளையாட்டுக் கழகச் செயலாளர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகள் இவை. விளையாட்டையும் கலையையும் ஓய்வு நேரத்தையும் ஒரு சமூகம் எப்படி நடத்துகிறது, யாருக்குக் கொடுக்கிறது, யாருக்கு மறுக்கிறது என்பதை ஆராயும் துறை பற்றியவை. கொழும்புத் தமிழர்கள் இந்தத் துறைக்குள் இன்னும் அதிகமாக வரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த எண்ணத்தோடுதான் பதில்களை எழுதியிருக்கிறேன்.

இந்தத் துறையில் என்னதான் ஆராய்கிறார்கள்?

மாலை நான்கு மணி. மைதானத்தின் வாயிற்கதவில் பூட்டு தொங்குகிறது. உள்ளே புல் பச்சையாக வெட்டப்பட்டிருக்கிறது. வெளியே ஒழுங்கையில் டென்னிஸ் பந்தோடு, பிளாஸ்டிக் நாற்காலியை விக்கெட்டாக வைத்துப் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். முச்சக்கர வண்டி வரும்போதெல்லாம் நாற்காலியைத் தூக்கி ஓரத்தில் வைக்கிறார்கள். அந்தக் காணி யாருடையது? பூட்டுப் போடும் முடிவை எந்தக் கூட்டத்தில் எடுத்தார்கள்? புல் வெட்டும் கூலியை யார் கொடுக்கிறார்கள்? ஒரு மணி நேர வாடகை எவ்வளவு, அதைக் கட்டக்கூடியவர் யார்?

இந்தக் கேள்விகளுக்கு ஆதாரத்தோடு பதில் தேடுவதுதான் ஆய்வு. மைதானத்துக்குப் பதிலாக மண்டபம், பூங்கா, கடற்கரை, கோயில் திருவிழா என்று எதை வைத்தாலும் கேள்விகள் இவையே. ஓட்டப்பந்தய வீரரின் தசையை அளப்பது விளையாட்டு விஞ்ஞானம். அவர் ஓடுவதற்குத் தடமும் பயிற்றுநரும் பஸ் காசும் கிடைத்ததா என்று பார்ப்பது இந்தத் துறை.

மூன்றையும் ஏன் ஒன்றாகச் சேர்க்கிறார்கள்? கிரிக்கெட்டுக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் என்ன தொடர்பு?

நிர்வாகத்தின் பக்கமிருந்து பார்த்தால் தொடர்பு நெருக்கமானது. சனிக்கிழமை மாலைக் கச்சேரியில் வெறுமையாகக் கிடந்த இருக்கையை ஞாயிற்றுக்கிழமை விற்க முடியாது. ஆட்டம் முடிந்த பின் அந்த ஆட்டத்துக்கு டிக்கெட் விற்க முடியாது. இரண்டிலும் பெரும்பகுதி வேலையைச் சம்பளம் வாங்காத மனிதர்களே செய்கிறார்கள். இரண்டுக்கும் அரசாங்கத்தின் காணியோ பணமோ அனுமதியோ தேவைப்படுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டும் ஒரே மாலை நேரத்துக்காகப் போட்டி போடுகின்றன. அந்த மாலையை டியூஷன் வகுப்பு எடுத்துக்கொண்டால் இரண்டுக்கும் ஆள் இல்லை.

உரிமை என்ற அடிப்படையிலும் இவை சேர்ந்தே நிற்கின்றன. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் 24ஆம் உறுப்புரை ஓய்வையும் 27ஆம் உறுப்புரை பண்பாட்டு வாழ்வில் பங்குகொள்வதையும் உரிமையாகச் சொல்கின்றன. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, குழந்தையின் விளையாட்டையும் ஓய்வையும் கலையையும் ஒரே மூச்சில் பேசுகிறது. இலங்கை அந்தச் சமவாயத்தை 1991இல் ஏற்றுக்கொண்டது.

இது புதிய பாடமா?

அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் ஒகாயோ பல்கலைக்கழகம் 1966இலேயே விளையாட்டு நிர்வாகத்தில் முதுமாணிப் படிப்பைத் தொடங்கிவிட்டது. பிரித்தானியாவில் ஓய்வு ஆய்வுக்கான சங்கம் 1975இல் உருவானது. வட அமெரிக்க விளையாட்டு முகாமைத்துவச் சங்கம் 1985இல் வந்தது.

இலங்கையில் எங்கே படிக்கலாம்?

ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானமும் முகாமைத்துவமும் சேர்ந்த பட்டப்படிப்பு இருக்கிறது. பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம், உடற்கல்வி ஆகியவற்றுக்கான துறை இருக்கிறது. கலைகளுக்கு, கொழும்பில் 2005இல் தனிப் பல்கலைக்கழகமாக்கப்பட்ட கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் உண்டு. தமிழ்ச் சூழலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பிரிவும் மட்டக்களப்பின் சுவாமி விபுலாநந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகமும் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன.

இந்தப் பெயர்களைத் தேடியே ஆகவேண்டும் என்றில்லை. சமூகவியல், பொருளியல், முகாமைத்துவம், புவியியல், வரலாறு என எந்தப் பிரிவில் இருந்தாலும் இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு இந்தத் துறையிலிருந்து தலைப்பை எடுக்கலாம். நல்ல ஆய்வுகள் பல அப்படி வந்தவையே. தலைப்பை விட மேற்பார்வையாளர் முக்கியம். உங்கள் மைதானத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ஆய்வு முறை தெரிந்திருந்தால் போதும்.

கொழும்பில் ஆராய்வதற்கு அப்படி என்ன இருக்கிறது?

எதை விடுவது என்பதுதான் சிரமம். கழகங்களிலிருந்து தொடங்குகிறேன். கொழும்பின் பழைய கிரிக்கெட் கழகங்களின் பெயர்களை வரிசையாக வாசித்தாலே குடியேற்றக் கால நகரத்தின் சமூக அமைப்பு தெரிந்துவிடும். மலாய் கழகம் 1872, பறங்கியர் கழகம் 1896, சிங்கள விளையாட்டுக் கழகமும் தமிழ் யூனியனும் 1899, சோனகர் கழகம் 1908. ஒவ்வொரு சமூகமும் தனக்கென ஒரு கழகமும் ஒரு கூடிப் பேசும் இடமும் வைத்துக்கொண்டது. பின்னாளில் வாசல்கள் திறந்தன. எப்போது, எந்த விதி மாறி, யாருடைய எதிர்ப்பைத் தாண்டித் திறந்தன? உறுப்பினர் பதிவேடுகளைப் புரட்டி விடை காணவேண்டிய கேள்வி இது.

தமிழ் யூனியனையே பாருங்கள். பொரளையிலுள்ள அதன் மைதானத்தில்தான் 1948இல் டொன் பிரட்மனின் அவுஸ்திரேலியக் கிரிக்கெட் அணி ஆடியது. 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டியும் அங்கேதான் நடந்தது. புகழ்பெற்ற துடுப்பாட்ட வீரர் மகாதேவன் சதாசிவம் அந்தக் கழகத்தின் வீரர். கண்டியில் பிறந்து 800 டெஸ்ட் விக்கெட்டுகளை வீழ்த்திய முரளிதரனும் கழக மட்டத்தில் அதற்காகவே ஆடினார். இத்தகைய ஒரு நிறுவனம் 1983 ஜூலையையும் அதன் பின்வந்த போர்க்காலத்தையும் எப்படிக் கடந்தது? உறுப்பினர்கள் புலம்பெயர்ந்தபோது கணக்கை யார் பார்த்தார்கள், கழகத்தை யார் நடத்தினார்கள்? இதை முழுமையாக எழுதக்கூடிய ஒரு மாணவர் வரவேண்டும் என்று காத்திருக்கிறேன்.

மேடைகளுக்கும் இதே அளவு வரலாறு உண்டு. மருதானையில் 1911இல் திறந்த டவர் மண்டபம், 1953இல் வந்த லயனல் வென்ட் அரங்கு, 2011இல் சீன உதவியோடு கட்டிய தாமரைத் தடாகம் அரங்கு ஆகிய மூன்றும் மூன்று காலத்தின் கலை நிர்வாகத்தைக் காட்டுபவை. தமிழர் பக்கம் 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம், வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபம், கொட்டாஞ்சேனை விவேகானந்த சபை. இவை அரசாங்கத்தின் பணத்தில் எழுந்தவை அல்ல. சந்தா, நன்கொடை, திருமண வாடகை ஆகியவற்றின் மீதே இவற்றின் கலை வாழ்வு நிற்கிறது. முகூர்த்த நாட்களில் கச்சேரிக்கு மண்டபம் கிடைப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு வருடத்தில் எத்தனை நாள் கலைக்கு, எத்தனை நாள் கல்யாணத்துக்கு என்று முன்பதிவுப் புத்தகத்தை வைத்து எண்ணினால், தமிழர் கலையைத் தாங்குவது யார் என்பதற்கு அசைக்க முடியாத ஆதாரம் கிடைக்கும்.

ஆடிவேல் விழாவும் இதே துறைக்குள் வரும். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கித் தேர் வரும்போது வீதியை மூடுவது, பொலிஸ் பாதுகாப்பு, தற்காலிகக் கடைகள், குப்பை அகற்றல் எனப் பெரிய நிகழ்வு முகாமைத்துவம் பக்திக்குள்ளே நடக்கிறது.

என் மகள் பரதநாட்டியம் பயில்கிறாள். அரங்கேற்றம் ஆய்வுப் பொருளாகுமா?

மிகச் சிறந்த ஆய்வுப் பொருளாகும்.

வில்லியம் போமல், வில்லியம் போவன் என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1960களில் ஒரு விடயத்தைக் காட்டினார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வரும்போது ஒரு மணி நேரத்தில் ஒருவர் செய்யும் பொருளின் அளவு கூடுகிறது, கூலியும் கூடுகிறது. நால்வர் வாசிக்கும் இசைக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னும் நால்வர் வேண்டும், இன்றும் நால்வர் வேண்டும். வாசிக்கும் நேரமும் குறையாது. மற்றத் துறைகளில் கூலி ஏறும்போது கலைஞரின் கூலியும் ஏறியாக வேண்டும். ஆகவே மேடைக் கலையின் செலவு மற்றவற்றை விட வேகமாக ஏறிக்கொண்டே போகும்.

இதை ஓர் அரங்கேற்றத்தில் பொருத்திப் பாருங்கள். வாய்ப்பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின், புல்லாங்குழல். வர்ணம் என்ற நீண்ட உருப்படியை ஆடுவதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் தேவை. அதைப் பாதியாக வெட்டினால் அது வர்ணமாகாது. ஒத்திகைக்கும் இதே குழு வரவேண்டும். அதற்கு மேல் மண்டப வாடகை, ஒலி, ஒளி, ஆடை, ஒப்பனை, அழைப்பிதழ், வந்தவர்களுக்குச் சிற்றுண்டி. இத்தனைக்கும் டிக்கெட் விற்பனை பெரும்பாலும் இல்லை. அழைப்பின் பேரில் வருகிறார்கள். முழுச் செலவையும் ஒரு குடும்பம் தாங்குகிறது. ஐரோப்பிய நாடுகளில் அரசின் கலைமன்றம் கொடுக்கும் மானியத்தை இங்கே அப்பாவின் சேமிப்பும் அம்மாவின் நகையும் வெளிநாட்டிலிருக்கும் மாமாவும் கொடுக்கிறார்கள்.

அங்கிருந்து அடுத்த கேள்வி பிறக்கிறது. அதே வகுப்பில் அதே திறமையோடு ஆடிய, கிராண்ட்பாஸிலிருந்து பஸ்ஸில் வந்த பிள்ளை எந்த வயதில் நின்றுபோனாள்? பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு, ரசனையும் கலைப் பயிற்சியும் குடும்பத்தின் சொத்தைப் போலத் தலைமுறை தாண்டிக் கைமாறுகின்றன என்று விளக்கினார். ஒரு நடன ஆசிரியையின் வரவுப் பதிவேட்டைப் பத்து ஆண்டுகளுக்கு எடுத்து, யார் எப்போது நின்றார்கள் என்று பார்த்து, நின்றவர்களைத் தேடிச் சென்று பேசினால் பூர்தியு சொன்னது கொழும்பில் எவ்வளவு பொருந்துகிறது என்று தெரிந்துவிடும். அரங்கேறியவர்களைப் பற்றி மலர்கள் நிறைய இருக்கின்றன. நின்றவர்களைப் பற்றி யாராவது எழுதவேண்டும்.

விளையாட்டுச் சங்கங்களின் சண்டையை ஏன் ஆராய வேண்டும்? அது அரசியல்தானே?

அரசியல்தான். அதனால்தான் ஆராய வேண்டும். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் தேசிய சங்கங்களின் மீது விளையாட்டு அமைச்சருக்கு விரிந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. வெளிநாடு செல்லும் தேசிய அணிக்குக்கூட அமைச்சரின் அங்கீகாரம் தேவை. சர்வதேசச் சம்மேளனங்களோ அரசின் தலையீடு கூடாது என்று தம் யாப்பில் எழுதி வைத்திருக்கின்றன. இரண்டும் மோதும்போது அடி விழுவது விளையாட்டு வீரர் மீது.

2023இல் இது இரண்டு முறை நடந்தது. ஜனவரியில் ஃபிஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. நவம்பரில் சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கை கிரிக்கெட்டை இடைநிறுத்தியது. 2024 ஜனவரி இறுதியில் நீக்கியது. இடையில் இலங்கையில் நடக்கவேண்டிய 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது. சொந்த மண்ணில் உலகக் கிண்ணம் ஆடும் வாய்ப்பு அந்த வயதில் ஒரு முறைதான் வரும். அதை இழந்த இளைஞர்களுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்கும் ஆய்வு தேவையான ஆய்வு.

விளையாட்டும் ஒரு வியாபாரம் என்றால் வணிகப் படிப்பு போதாதா?

போதாது. கடைக்காரர் பக்கத்துக் கடை மூடினால் மகிழலாம். விளையாட்டில் எதிரணி இல்லாமல் போனால் ஆட்டமே இல்லை. பொருளியலாளர் வால்டர் நீல் 1964இல் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸை வைத்து இதை எழுதினார்: வலிமையான எதிராளி இருந்தால்தான் அவருக்கு வருமானம். ரோயல் கல்லூரிக்கும் புனித தோமஸ் கல்லூரிக்கும் இடையே 1879இல் தொடங்கிய கிரிக்கெட் பெரும்போட்டி இன்றுவரை மைதானத்தை நிரப்புவதற்கும் இதுவே காரணம்.

பெண்களுடைய ஓய்வு நேரத்தை எப்படி அளப்பது?

நேராகக் கேட்டால் “எனக்கு எங்கே ஓய்வு” என்ற பதில்தான் வரும். அதனால் ஆய்வாளர்கள் நாளைப் பகுதி பகுதியாகக் கேட்கிறார்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு இவ்வகையிலான முதலாவது தேசிய ஆய்வு; சம்பளமில்லாத வீட்டு வேலையும் பராமரிப்பும் பெண்கள் மீதே பெரிதும் விழுவதை அது எண்களில் காட்டியது.

எண்களுக்குப் பின்னால் போவது உங்கள் வேலை. தொலைக்காட்சி நாடகம் பார்த்தபடி முருங்கையிலை ஆய்வது ஓய்வா, வேலையா? வெள்ளிக்கிழமை தோழியோடு கோயிலுக்குப் போய்வருவது வழிபாடா, அந்த வாரத்தில் வீட்டை விட்டு வெளியே இருக்கக்கூடிய ஒரே நேரமா? மரைன் டிரைவில் மாலை நடைபோகும் பெண்கள் எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள், இரவுச் சமையலுக்காகவா, இருட்டுக்காகவா? ஒரு தெருவிளக்கு பழுதானால் எத்தனை பேர் நடையை நிறுத்துகிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கான விடையை மாநகர சபைக்கு எடுத்துச் சென்று கொடுக்கலாம். விளக்கைப் போடுவது அவர்களுடைய கடமை.

பூங்காவும் கடற்கரையும் இந்தத் துறையில் சேருமா?

சேரும். காலி முகத்திடல் நடைபாதையை 1859இல் முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்கள், குழந்தைகளின் நலனுக்காக அதைப் பேணும்படி தமக்குப் பின்வருபவர்களைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்தார். 2022இல் அதே திடலில் மக்கள் கூடாரம் அடித்து நூலகமும் நடத்தி அரசியல் போராட்டம் செய்தார்கள். பொழுதுபோக்கு இடம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை நாடே கேட்ட நாட்கள் அவை.

2018இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்பாடான ராம்சார் சமவாயத்தின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. பெத்தகான, தியத உயன போன்ற இடங்களில் நடைபாதைகள் வந்தன. அதே காலத்தில் வட கொழும்பின் முடுக்குத் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. தோட்டத்தில் வாசற்படியே விளையாட்டுத் திடலாக, அரட்டை மேடையாக இருந்தது. பத்தாம் மாடியில் தாழ்வாரத்தில் பந்து எறிந்தால் முறைப்பாடு வருகிறது. ஈரநிலப் பூங்காவுக்குப் போக இரண்டு பஸ் எடுக்கவேண்டும். நகரத்தின் பசுமை கூடியது, அந்தக் குழந்தையின் விளையாட்டு குறைந்தது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டும் ஆய்வுக்கு நான் முதல் வாசகன்.

தரவு எங்கே கிடைக்கும்? எப்படித் தொடங்குவது?

முதலில் போய் உட்காருங்கள். பொது இடங்களை அவதானிக்க சோபார்க் என்ற எளிய முறை இருக்கிறது. இடத்தைப் பகுதிகளாகப் பிரித்து, நாளில் குறித்த நேரங்களில் ஒவ்வொரு பகுதியையும் இடமிருந்து வலமாக ஒருமுறை பார்வையால் அளந்து, ஆண், பெண், குழந்தை, இளைஞர், பெரியவர், முதியவர், உட்கார்ந்திருப்பவர், நடப்பவர், வேகமாக இயங்குபவர் என்று எண்ணிக் குறிக்கவேண்டும். ஒரு தாளும் பேனாவும் போதும். வார நாளும் வார இறுதியும் சேரவேண்டும். மழை நாளையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். மைதான வாடகை, ஒதுக்கீட்டு விதி, கடந்த ஆண்டு யார் யாருக்கு அனுமதி கொடுத்தார்கள் என்பதை எந்தப் பொது அதிகார சபையிடமும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. “மைதானம் பற்றிய எல்லாத் தகவலும் வேண்டும்” என்று எழுதாதீர்கள். “இந்த மைதானத்துக்கு, இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை வழங்கிய முன்பதிவுகளின் பட்டியல்” என்று எழுதுங்கள். குறிப்பாகக் கேட்டால் குறிப்பாக வரும்.

பழைய விடயங்களுக்குத் தேசிய சுவடிகள் திணைக்களம், தேசிய நூலகம், கொழும்புப் பொது நூலகம். தமிழ் மலர்களுக்கும் இதழ்களுக்கும் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளம் பெரும் கொடை.

பிள்ளைகளை நேர்காணல் செய்யலாமா?

பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறிக் குழு அனுமதி கொடுத்த பிறகு, பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்தோடும் பிள்ளையின் சம்மதத்தோடும் செய்யலாம். பயிற்றுநர் பக்கத்தில் நிற்கும்போது செய்யாதீர்கள். அணியில் இடம் போய்விடும் என்ற பயத்தில் பிள்ளை உண்மையைச் சொல்லாது.

தமிழில் எழுதலாமா?

உங்கள் துறை தமிழ் மொழிமூலத்தில் ஆய்வேட்டை ஏற்றால் தமிழிலேயே எழுதுங்கள். சர்வதேச இதழ்களுக்கு ஆங்கிலம் தேவைப்படும்; அது வேறு கட்டம். கோயில் தர்மகர்த்தா, வலைப்பந்தாட்டப் பயிற்றுநர், மிருதங்க வித்துவான் ஆகியோர் உங்களுக்காக நேரம் ஒதுக்கிப் பேசியிருக்கிறார்கள். அவர்கள் வாசித்து, “இது பிழை, நான் இப்படிச் சொல்லவில்லை” என்று திருத்தக்கூடிய வடிவம் ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும்.

வேலை கிடைக்குமா?

விளையாட்டுச் சங்கங்கள், உள்ளூராட்சி மன்றங்கள், பாடசாலைகள், ஹோட்டல்கள், நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனங்கள் ஆகியவற்றில் வழி உண்டு. ஆனால் “விளையாட்டு முகாமையாளர்” என்று பெயரிட்ட பதவிகள் குறைவு. கணக்கியலோ புள்ளிவிபரமோ சட்டமோ ஏதாவது ஒன்றைக் கூடவே கற்றுக்கொள்ளுங்கள். சிங்களமும் கற்றுக்கொள்ளுங்கள், கொழும்பில் மைதானத்தின் சாவி வைத்திருப்பவரோடு பேசுவதற்கு அது வேண்டும்.

நாங்கள் சிறிய கழகம். ஆய்வாளர்களுக்கு நாங்கள் என்ன செய்யலாம்?

எதையும் எறியாதீர்கள். கூட்டக் குறிப்புப் புத்தகம், சந்தாப் பற்றுச்சீட்டு, முன்பதிவு ஏடு, புள்ளிப் பதிவேடு, அழைப்பிதழ் ஆகிய எல்லாம் ஆவணமே. படங்களின் பின்னால் பென்சிலால் ஆண்டையும் நிற்பவர்களின் பெயர்களையும் எழுதி வையுங்கள். அடையாளம் சொல்லக்கூடிய மூத்தவர்கள் இருக்கும்போதே செய்யுங்கள். மாணவர் வந்து கேட்டால் புத்தகத்தை வெளியே கொடுத்துவிடாமல் அங்கேயே வைத்துப் பார்க்க விடுங்கள். மின்வடிவமாக்கச் சம்மதமென்றால் மேலே சொன்ன ‘நூலகம்’ இணையத்தளம் போன்ற அமைப்போடு பேசுங்கள். நினைவு மலர்களைக் கொடுக்கும்போது விளம்பரப் பக்கங்களைக் கிழித்துவிடாதீர்கள். எந்த ஆண்டில் எந்தக் கடை எந்தக் கழகத்துக்குப் பணம் கொடுத்தது என்ற விபரம் பல வேளைகளில் அந்தப் பக்கங்களில் மட்டும்தான் இருக்கிறது.